ஹாலிவுட்டுக்கு முன்னாடி ஒரு ஊர்

ரெண்டாம் வருஷம் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்காக நாங்க அஞ்சு பேர் சேர்ந்து பதினோரு நிமிஷம் ஓடுற ஒரு குறும்படம் எடுத்தோம். பெரிய படம் எல்லாம் இல்லை. ஹாஸ்டல் மொட்டை மாடி, மெஸ்ஸோட பின்பக்கம், பஸ் ஸ்டாப், அவ்வளவுதான் லொகேஷன். ரெண்டாவது பரிசு வந்தது. போன மாசம் ஃபேர்வெல் வீடியோவுக்காக அந்தப் படத்தைத் தேடினப்போதான் தெரிஞ்சது, அது எங்கேயுமே இல்லை. எடிட் பண்ணின லேப்டாப்போட ஹார்ட் டிஸ்க் எப்பவோ போயிடுச்சு. டிரைவ்ல போட்டிருந்த காப்பியை இடம் பத்தலைன்னு யாரோ டெலீட் பண்ணியிருக்காங்க (யாருன்னு சண்டை இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு). மிஞ்சினது வாட்ஸ்அப்ல ஒருத்தனுக்கு அனுப்பின நாப்பது செகண்ட் டிரெய்லர் மட்டும்தான்.

அந்தக் கடுப்புல, படங்கள் எல்லாம் எப்படித்தான் தொலையுதுன்னு படிக்க ஆரம்பிச்சேன். படிச்சுக்கிட்டே போய் நான் நின்ன இடம் ஃபோர்ட் லீ. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்துல இருக்குற ஒரு சின்ன ஊர். ஹாலிவுட்ங்கற பேர் சினிமாவுக்கே இன்னொரு பேரா மாறுறதுக்கு முன்னாடி, தோராயமா 1910-லேர்ந்து 1918 வரைக்கும், அமெரிக்க சினிமாவோட தலைநகரம் இதுதான். இன்னிக்கு நம்மள்ல எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்? எனக்கும் ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் தெரியாது.

முதல்ல ஊர் எங்க இருக்குன்னு பாத்துடலாம். நியூயார்க் நகரத்தோட மன்ஹாட்டன் தீவுக்கு மேற்கே ஹட்சன் நதி ஓடுது. நதிக்கு அந்தக் கரையில செங்குத்தா ஒரு பாறைச்சுவர் எழும்பி நிக்கும். பாலிசேட்ஸ்னு பேர். அந்தப் பாறைக்கு மேல உக்காந்திருக்கிற ஊர்தான் ஃபோர்ட் லீ. 1900-களின் ஆரம்பத்துல அங்க பாலம் கிடையாது. மன்ஹாட்டன்ல ஃபெரி ஏறி நதியைத் தாண்டி, கரையிலேர்ந்து டிராம் பிடிச்சு மேல ஏறணும். மேல போனா மண் ரோடு, காடு, பழைய பண்ணை வீடுகள், பாறை விளிம்பு. ஒரு ஃபெரி தூரத்துல உலகத்தோட பெரிய நகரங்கள்ல ஒண்ணு, இந்தப் பக்கம் ஒரு கிராமம். சினிமாக்காரனுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

நடிகர்கள் விஷயத்துலயும் அதே கணக்குதான். அப்போ நடிகர்னா நாடக நடிகர். ராத்திரி பிராட்வேயில மேடை ஏறணும். காலையில ஃபெரி ஏறி ஃபோர்ட் லீ வந்து, வெயில் இருக்கிற வரைக்கும் நடிச்சுட்டு, சாயங்காலம் நாடகத்துக்குத் திரும்பிடலாம். சினிமாவுல நடிக்கிறதை வெளிய சொல்லக் கூச்சப்பட்ட காலம் அது. பேட்டா கிடைச்சா போதும்னு வந்தவங்கதான் நிறைய.

வெயில்னு சொன்னேன்ல, அதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை. அன்னிக்கு இருந்த ஃபிலிம் ரொம்ப மந்தமானது. நம்ம போன் கேமரா இருட்டுல இழுத்துப் பிடிச்சு எடுக்குற மாதிரி எல்லாம் அதால முடியாது. அதுமட்டுமில்ல, அந்த ஃபிலிமுக்கு சிவப்பு நிறமே தெரியாது. நீலமும் பச்சையும்தான் அதுல பதியும். அதனால சிவந்த உதடு கறுப்பாவும், நீல வானம் வெள்ளைத் தாளாவும் வரும். நடிகர்கள் ஏன் பேய் மாதிரி மேக்கப் போட்டிருக்காங்கன்னு கேட்டா, காரணம் இதுதான். ஸ்டுடியோன்னா கண்ணாடிக் கூரை, கண்ணாடிச் சுவர். செடி வளக்குற கண்ணாடி வீடு மாதிரி ஒரு பெரிய கொட்டகை. இதுக்கெல்லாம் முன்னாடி 1893-லயே எடிசன் கம்பெனி, அதே நியூ ஜெர்சியில வெஸ்ட் ஆரஞ்சுங்கற ஊர்ல, பிளாக் மரியான்னு ஒரு ஸ்டுடியோ கட்டியிருந்தாங்க. கறுப்புத் தார்க் காகிதம் ஒட்டின மரக் கொட்டகை. கூரையைத் திறக்கலாம். முழுக் கட்டடத்தையும் வட்டமான தண்டவாளத்து மேல வெச்சு, சூரியன் நகர நகர கொட்டகையையே திருப்புவாங்க. இப்போ நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்ல பாதி பேர் பண்ற சோலார் டிராக்கருக்கு முன்னோடின்னு வேணும்னா சொல்லிக்கலாம்.

ஃபோர்ட் லீ பாறைகளை கேமரா கண்டுபிடிச்ச ஆரம்பக் காலப் படங்கள்ல ஒண்ணு, 1908-ல் எடிசன் கம்பெனி எடுத்த 'ரெஸ்க்யூட் ஃப்ரம் ஆன் ஈகிள்ஸ் நெஸ்ட்'. கதை ஒரே வரி: கழுகு ஒண்ணு குழந்தையைத் தூக்கிட்டுப் போகுது, அப்பா பாறையில கயிறு கட்டி இறங்கி மீட்டுக்கிட்டு வர்றார். பஞ்சு அடைச்ச கழுகு. கம்பி இழுக்க இழுக்க றெக்கை அடிக்குது. ஒரு ஷாட்ல நிஜப் பாறை, அடுத்த ஷாட்ல திரையில வரைஞ்ச பாறை. பாத்தா சிரிப்பு வரும். ஆனா கழுகோட மல்லுக்கட்டுற அந்த அப்பா யாருன்னா, டி. டபிள்யூ. கிரிஃபித். கதை விக்கலாம்னு வந்த நாடக நடிகர். நடிக்கத்தான் வாய்ப்பு கிடைச்சது. அதே வருஷம் பயோகிராஃப் கம்பெனியில இயக்குநர் ஆகிட்டார்.

அடுத்த வருஷமே அவர் ஃபோர்ட் லீக்குத் திரும்பி வந்து எடுத்த படம்தான் 'தி லோன்லி வில்லா'. 1909. இதைப் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும்.

ஒரு வீடு. கணவன், மனைவி, மூணு பெண் குழந்தைங்க. திருடனுங்க பொய்க் கடிதம் ஒண்ணு அனுப்பி கணவனை வெளிய கிளப்பி விடுறாங்க. வழியில அவரோட கார் நின்னுடுது. சும்மா வீட்டுக்கு ஒரு போன் போடலாம்னு போடுறார். அங்க மனைவி, திருடனுங்க கதவை உடைக்கிறாங்கன்னு சொல்றாங்க. பேசிக்கிட்டு இருக்கும்போதே லைன் கட் ஆகுது. இவர் ஒரு குதிரை வண்டியைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் பறக்குறார். இங்க ஒரு கதவு உடையுது. அங்க வண்டி ஓடுது. இங்க அடுத்த அறைக்குள்ள ஓடி மேஜையை நகர்த்தி அடைக்கிறாங்க. அங்க வண்டி ஓடுது. இப்படி மாத்தி மாத்தி வெட்டிக்கிட்டே போறார் கிரிஃபித். கிட்ட வர வர ஒவ்வொரு துண்டோட நீளமும் குறையுது.

இதுல என்ன இருக்குன்னு தோணும். கோயில்ல தாலி கட்டப் போறாங்க, ஹீரோ பைக்ல வந்துக்கிட்டே இருக்கார்; மேளம், பைக், மேளம், பைக். இதை நாம பொறந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கோம். அதனாலதான் அது ஒருத்தர் யோசிச்சு எடுத்த முடிவுங்கறதே நமக்கு உறைக்க மாட்டேங்குது. இதை முதல்ல பண்ணினது கிரிஃபித்னு சொல்ல மாட்டேன். 1908-லயே பிரெஞ்சு பாத்தே கம்பெனி இதே மாதிரி ஒரு கதையை எடுத்திருந்தாங்க. ஆனா ரெண்டு இடம், ஒரே நேரம், நடுவுல ஒரு டெலிபோன் கம்பி, இதை ஒரு டென்ஷனா மாத்துற கணக்கு அவருக்குத்தான் கச்சிதமா வந்தது. மூணு குழந்தைகள்ல ஒருத்தியா நடிச்சிருக்கிறது மேரி பிக்ஃபோர்ட். அப்போ அவங்களுக்கு பதினேழு வயசு. அடுத்த பத்து வருஷத்துல உலகத்திலேயே பெரிய நட்சத்திரம். 1912-ல் அதே ஊர்ல அதே கிரிஃபித்தோட 'தி நியூயார்க் ஹேட்' பண்ணாங்க. ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்ததுக்கு ஊரே கூடி வம்பு பேசுற கதை. நம்ம ஊர்ல தெருக்கோடியில நின்னு பேசுற அத்தைங்களை அப்படியே அந்தப் படத்துல பாக்கலாம்.

இங்க பேட்டன்ட் கதைக்கு வரணும். நம்ம சிலபஸ்ல ஐ.பி.ஆர்.னு ஒரு பேப்பர் இருக்கே, அதுல இதை ஒரு கேஸ் ஸ்டடியா வெச்சிருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேன். 1908 டிசம்பர்ல எடிசன், பயோகிராஃப் மாதிரி பெரிய கம்பெனிகள் எல்லாம் தங்களோட பேட்டன்ட்டுகளை ஒரே குடத்துல ஊத்தி ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க. கேமரா, புரொஜெக்டர், ஏன், ஃபிலிமைத் தொய்வா ஒரு வளைவு விட்டுச் செலுத்துற லேதம் லூப்கூட அவங்க கையில. அந்தச் சின்னத் தொய்வு இல்லைன்னா ஃபிலிம் இழுவையில அறுந்துடும். ஒரு தொய்வுக்குப் பேட்டன்ட்! ஈஸ்ட்மன் கம்பெனியும் லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு மட்டும்தான் கச்சா ஃபிலிம் கொடுக்கும்னு ஒப்பந்தம். தியேட்டர்காரங்க வாரத்துக்கு 2 டாலர் கப்பம் கட்டணும்.

இதுக்கு வெளிய நின்னவங்க தங்களை இண்டிபென்டன்ட்னு சொல்லிக்கிட்டாங்க. அவங்கள்ல சாம்பியன்ங்கற கம்பெனி 1910-ல் ஃபோர்ட் லீயோட ஒரு பகுதியான கோய்ட்ஸ்வில்ல ஸ்டுடியோ கட்டினாங்க. ஊர்லேயே முதல் நிரந்தர ஸ்டுடியோ அதுதான். கூட்டமைப்போட ஆளுங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் அவ்வளவு உள்ளுக்குள்ள தள்ளிக் கட்டினாங்கன்னு சொல்வாங்க. 1912-ல் சில இண்டிபென்டன்ட் கம்பெனிகள் சேர்ந்து யூனிவர்சல் உருவானப்போ சாம்பியனும் அதுல ஐக்கியமாச்சு. ஆமா, அந்தச் சுத்துற உலக உருண்டை யூனிவர்சல்தான். பக்கத்துலயே பிரெஞ்சு எக்லேர் கம்பெனி ஸ்டுடியோ, அப்புறம் வில்லட், பீர்லெஸ், பாரகன்னு வரிசையா கண்ணாடிக் கொட்டகைகள். கோய்ட்ஸ்வில்ல ராம்போஸ்னு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. மர வராண்டா வெச்ச கட்டடம். மாடியில நடிகர்கள் வேஷம் போடுவாங்க, கீழ வெளிய மேஜை போட்டுச் சாப்பாடு, நடுவுல அந்த வராண்டாவே கௌபாய் படத்துக்குச் சாராயக் கடையா மாறிடும். அரிசோனாவுக்கே போகாம எத்தனையோ வெஸ்டர்ன் படங்கள் அந்த வாசல்ல முடிஞ்சிருக்கு.

இப்போ எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச ஆளைப் பத்தி. ஆலிஸ் கீ பிளாஷே.

1873-ல் பொறந்த பிரெஞ்சுக்காரங்க. பாரிஸ்ல கோமோன் கம்பெனியில செக்ரட்டரி. 1895-ல் லூமியேர் சகோதரர்கள் ஒரு சின்னக் கூட்டத்துக்குத் தங்களோட கருவியைப் போட்டுக் காட்டினப்போ முதலாளியோட போய்ப் பாத்தாங்க. ஃபேக்டரி வாசல்லேர்ந்து தொழிலாளர்கள் வெளிய வர்றது. அதைப் பாத்துட்டு ஆலிஸ் நினைச்சது: இதை வெச்சு ஒரு கதை சொல்லலாமே. முதலாளிகிட்ட அனுமதி கேட்டு, ஆபீஸ் வேலை கெடாம, 1896-ல் முதல் படம் எடுத்தாங்க. முட்டைக்கோஸுக்குள்ளேர்ந்து குழந்தைகளை எடுக்குற தேவதை. உலகத்தோட முதல் பெண் இயக்குநர் அவங்கதான். அதோட, கதைப்படம் எடுத்த முதல் சில மனுஷங்கள்ல ஒருத்தர்.

கல்யாணம் ஆகி 1907-ல் அமெரிக்கா வந்தாங்க. 1910-ல் சோலாக்ஸ்னு சொந்தக் கம்பெனி. முதல்ல நியூயார்க் பக்கம் ஃப்ளஷிங்ல; 1912-ல் ஃபோர்ட் லீயில ஒரு லட்சம் டாலருக்கு மேல செலவு பண்ணி சொந்த ஸ்டுடியோ கட்டினாங்க. அந்த வருஷம் அமெரிக்காவில் பெண்களுக்குப் பெரும்பாலான மாநிலங்கள்ல ஓட்டுரிமைகூட இல்லைங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஸ்டுடியோவுல பெரிய எழுத்துல ஒரு போர்டு மாட்டியிருந்தாங்க: இயல்பா இருங்க. நாடக மேடையில கடைசி வரிசைக்குத் தெரியணும்னு கையை வீசிப் பழகின நடிகர்களுக்காக.

அவங்க 1913-ல் எடுத்த 'எ ஹவுஸ் டிவைடட்' பாருங்க. ஒரு சந்தேகத்துல கணவன் மனைவிக்குள்ள பேச்சு வார்த்தை நின்னு போயிடுது. வக்கீலை வெச்சு ஒப்பந்தம் போட்டு, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே சீட்டு எழுதித்தான் பேசிக்கணும்னு முடிவு பண்றாங்க. இதுல நடிப்பைக் கவனிச்சா, போர்டுல இருந்தது வேலை செஞ்சிருக்குன்னு புரியும். கண்ணு ஓரத்துப் பார்வை, மூக்குச் சுளிப்பு, அவ்வளவுதான். அதே வருஷத்து 'மேட்ரிமனீஸ் ஸ்பீட் லிமிட்' இன்னும் வேகமானது. பகல் பன்னெண்டு மணிக்குள்ள கல்யாணம் பண்ணினா சொத்துன்னு ஒரு பொய்த் தந்தி; அதை நம்பித் தெருவுல பாக்குற பெண்களை எல்லாம் கேட்டுக்கிட்டு ஓடுற ஒருத்தன். ஆனா அதுல ஒரு கறுப்பினப் பெண்ணை வெச்சு வர்ற ஒரு ஜோக் இன்னிக்குப் பாக்க அசிங்கமா இருக்கு. அதையும் சொல்லாம விட முடியாது. இத்தனைக்கும் முந்தின வருஷம் அவங்களே எடுத்த 'எ ஃபூல் அண்ட் ஹிஸ் மனி', முழுக்கக் கறுப்பின நடிகர்களை வெச்சு எடுத்த முதல் கதைப்படங்கள்ல ஒண்ணு. ரெண்டும் ஒரே ஆளோடதுதான். எனக்கு இதை எப்படி ஒரே பெட்டியில போடுறதுன்னு தெரியல, போடாமயே விடுறேன்.

ஃபோர்ட் லீன்னாலே எல்லாரும் சொல்ற இன்னொரு விஷயம் கிளிஃப்ஹேங்கர். 1914-ல் பாத்தே வெளியிட்ட 'தி பெரில்ஸ் ஆஃப் பாலின்' தொடர்ல பேர்ல் வைட் வாரா வாரம் ஆபத்துல மாட்டுவாங்க. இந்தப் பாறைகள்ல சில காட்சிகள் எடுத்ததால, பாறை விளிம்புல தொங்குறதுங்கற அந்த வார்த்தை இங்கதான் பொறந்ததுன்னு ஊர்க்காரங்களுக்குப் பெருமை. எனக்குக் கொஞ்சம் சந்தேகம். அந்த வார்த்தை அச்சுல வர ஆரம்பிச்சது 1930-களில்தான். அந்தத் தொடர்லயும் எல்லா எபிசோடும் அந்தரத்துல தொங்கவிட்டு முடியாது. ஆனா கதை நல்லாருக்கு.

சரி, அப்புறம் ஏன் எல்லாம் காலி ஆச்சு? எடிசனோட கேஸுக்குப் பயந்து எல்லாரும் கலிஃபோர்னியாவுக்கு ஓடிட்டாங்கன்னு ஒரு விளக்கம் ரீல்ஸ்ல சுத்துது. முழுசா நம்பாதீங்க. 1910 ஜனவரியில கிரிஃபித்தைக் குளிர்காலத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் அனுப்பினதே பயோகிராஃப்தான். அவங்க கூட்டமைப்போட முக்கிய உறுப்பினர். கேஸ் போட்டவனே ஓடுவானா? உண்மையான காரணம் ரொம்பச் சாதாரணம். வருஷம் முழுக்க வெயில், மலிவான நிலம், மலை, கடல், பாலைவனம் எல்லாம் பக்கத்துல. ஃபோர்ட் லீயில குளிர்காலம்னா பனி, மங்கல் வெளிச்சம். கண்ணாடிக் கொட்டகையைச் சூடாக்கணும்னா நிலக்கரி வேணும். 1917-18 குளிர்காலத்துல முதல் உலகப் போரால நிலக்கரித் தட்டுப்பாடு. அடுத்து 1918-ல் இன்ஃப்ளூயன்சா. இத்தனைக்கும் 1917-லயே சுப்ரீம் கோர்ட் கூட்டமைப்புக்கு எதிராத் தீர்ப்பு சொல்லிடுச்சு. பேட்டன்ட் பயம் தீர்ந்த நேரத்துலதான் ஊரும் காலியாச்சு. 1920-களில் மிச்சம் இருந்த கொட்டகைகள்ல பல சாமான் குடோன் ஆச்சு. லேப் வேலை மட்டும் அங்கேயே நின்னது. ஹாலிவுட்ல எடுத்த படத்துக்கும் பிரின்ட் போடுறது ஃபோர்ட் லீயில.

ஊர் போனா போகட்டும், படங்கள் இருக்கணும்ல? அங்கதான் கெமிஸ்ட்ரி வருது.

அன்னிக்கு ஃபிலிம்னா செல்லுலோஸ் நைட்ரேட். பஞ்சுல இருக்கிற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோட வினைபுரிய வெச்சா அது கிடைக்கும். நைட்ரேட் அளவு கூடினா வெடிபஞ்சு. கொஞ்சம் குறைச்சு, கற்பூரம் சேர்த்தா, வளையுற கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக். ஆமா, அதே கற்பூரம்தான். இது பத்திக்கிட்டா அணைக்க முடியாது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதோட மூலக்கூறுக்குள்ளேயே இருக்கு. தண்ணிக்குள்ள முக்கினாலும் எரியும். சும்மா வெச்சிருந்தாலும் பிரச்சனை. மெல்ல மெல்லச் சிதைஞ்சு நைட்ரஜன் ஆக்சைடு வாயு விடும். அது ஈரத்தோட சேர்ந்து அமிலமாகும். அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகமாக்கும். செகண்ட் இயர்ல படிச்ச ஆட்டோகேட்டலிசிஸ்தான். தகர டப்பாவுல இறுக்கி மூடி வெச்சா வாயு வெளிய போக வழியில்லாம இன்னும் சீக்கிரம். முதல்ல படம் மங்கும், அப்புறம் பிசுபிசுன்னு ஒட்டும், கடைசியில பழுப்பு நிறப் பொடி. வெயில் காலத்துல தானாவே பத்திக்கவும் செய்யும்.

1914 மார்ச்ல எக்லேரோட ஃபோர்ட் லீ லேப்ல தீ. அதுவரைக்கும் எடுத்த நெகட்டிவ்கள்ல பெரும்பகுதி போச்சு. அவங்களோட 1912 'ராபின் ஹூட்' தப்பிச்சது அதிர்ஷ்டம். 1937 ஜூலை 9 அன்னிக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. ஃபோர்ட் லீ பக்கத்துல லிட்டில் ஃபெரிங்கற ஊர்ல ஃபாக்ஸ் கம்பெனி தன்னோட பழைய படங்களை எல்லாம் ஒரு கட்டடத்துல அடுக்கி வெச்சிருந்தது. கடும் வெயில் காலம், சரியான காத்தோட்டம் இல்லை. ராத்திரியில தானா பத்திக்கிச்சு. பக்கத்துல குடியிருந்த ஒரு சிறுவன் தீக்காயத்துல இறந்தான். ஃபாக்ஸோட மௌனப் படங்கள்ல பெரும்பாலானது அந்த ஒரு ராத்திரியில போச்சு. தீடா பாராங்கற நடிகை நாப்பது படம் வரைக்கும் நடிச்சவங்க, ஃபோர்ட் லீயில ஆரம்பிச்சு அன்னிக்கு நாடே பேசின நட்சத்திரம். இப்போ முழுசா பாக்க விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் படங்கள் இருக்கு.

எல்லாமே தீயால போகல. நிறையப் படங்களை வேணும்னேதான் அழிச்சாங்க. 1920-களின் கடைசியில பேசும் படம் வந்ததும் மௌனப் படத்துக்குச் சந்தை இல்லை. வெச்சுப் பாதுகாக்கச் செலவு. ஃபிலிம்ல இருக்கிற வெள்ளியைப் பிரிச்சு எடுத்தாலாவது காசு வரும். 2013-ல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வெளியிட்ட ஆய்வுப்படி, 1912-லேர்ந்து 1929 வரைக்கும் அமெரிக்காவில் வந்த முழுநீள மௌனப் படங்கள் 10,919. அதுல அசல் வடிவத்துல முழுசா இருக்கிறது 14 சதவீதம். சுமார் 70 சதவீதம் சுத்தமா இல்லை. ஃபோர்ட் லீயில எடுத்த ஒரு ரீல், ரெண்டு ரீல் குறும்படங்கள் இந்தக் கணக்குலயே வராது. நம்ம பக்கமும் அதே நைட்ரேட்தான், இன்னும் மோசமான வெயில்: ஆர். நடராஜ முதலியார் சென்னையில எடுத்த தென்னிந்தியாவோட முதல் மௌனப் படம் 'கீசக வதம்', ஒரு பிரதிகூட மிஞ்சல.

அப்போ 'லோன்லி வில்லா' எப்படித் தப்பிச்சது? இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1912 வரைக்கும் அமெரிக்கக் காப்பிரைட் சட்டத்துல சினிமான்னு ஒரு வகையே கிடையாது. போட்டோவுக்கு மட்டும்தான் உரிமை பதிய முடியும். அதனால கம்பெனிகள் என்ன பண்ணாங்கன்னா, முழுப் படத்தையும் ஃபிரேம் ஃபிரேமா நீளமான போட்டோ பேப்பர் சுருள்ல பிரின்ட் போட்டு, போட்டோன்னு சொல்லி லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல பதிஞ்சு வெச்சாங்க. கேஸ் வந்தா காட்டுறதுக்கு. பாதுகாக்கணும்ங்கற எண்ணம் யாருக்கும் இல்லை. சட்டம் மாறினதும் எல்லாரும் மறந்துட்டாங்க. பேப்பர் வெடிக்காது, பிசுபிசுக்காது. 1950-களில் கெம்ப் நைவர்ங்கறவர் அந்தச் சுருள்களை ஒவ்வொரு ஃபிரேமா திரும்பப் போட்டோ எடுத்து மறுபடி ஃபிலிமா மாத்தினார். சுமார் 3,000 படங்கள். அவருக்குச் சிறப்பு ஆஸ்கார்கூடக் கொடுத்தாங்க. 'லோன்லி வில்லா'வும் அப்படிப் பேப்பர்ல இருந்த படங்கள்ல ஒண்ணு. எங்க டிரெய்லர் வாட்ஸ்அப்ல கிடந்த மாதிரி, வேற எதுக்கோ அனுப்பினது மிஞ்சிடுச்சு.

இப்படித் தப்பிச்சது எல்லாம் முழுசாவும் இல்லை. கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1920-ல் ஃபோர்ட் லீயில 'தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்' எடுத்தார். கு கிளக்ஸ் கிளான் கும்பலை ஒரு கறுப்பினத்தவர் எதிர்த்து நிக்குற கதை. அந்தக் கும்பல் தோத்து ஓடுற காட்சியைச் சொல்லித்தான் படத்தையே விளம்பரம் பண்ணாங்க. பல பத்தாண்டு கழிச்சு பெல்ஜியத்துல ஒரே ஒரு பிரதி கிடைச்சது. அதுல அந்தக் காட்சி மட்டும் இல்லை.

ஆலிஸ் கதைக்கு வர்றேன். ஊர் சரிஞ்சப்போ சோலாக்ஸும் சரிஞ்சது. கடைசிப் படம் 1920. விவாகரத்து, கடன், சொத்து ஏலம். 1922-ல் ரெண்டு பிள்ளைகளோட பிரான்ஸ் திரும்பினாங்க. வேலை தேடுறப்போ, நான் எடுத்தது இதுன்னு காட்ட ஒரு படம்கூடக் கையில இல்லை. 1927-ல் அமெரிக்காவுக்குத் திரும்ப வந்து தன்னோட படங்களைத் தேடினாங்க. ஒண்ணுகூடக் கிடைக்கல. இதுக்கு நடுவுல சினிமா வரலாறு எழுதினவங்க அவங்க படங்களை வேற ஆண்களோட பேர்ல எழுதிக்கிட்டு இருந்தாங்க. அவங்களே உக்காந்து கடிதம் கடிதமா எழுதித் திருத்தினாங்க, ஞாபகத்துலேர்ந்து பட்டியல் போட்டாங்க. எங்களோடது பதினோரு நிமிஷம், அதுக்கே எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல. அவங்க எடுத்தது நூத்துக்கணக்குல.

1968-ல் நியூ ஜெர்சியிலேயே இறந்தாங்க. கல்லறைக் கல்லுல பேரும் வருஷமும் மட்டும்தான் இருந்தது. 2012-ல் ஃபோர்ட் லீ ஃபிலிம் கமிஷன் புதுக் கல் வெச்சு, முதல் பெண் இயக்குநர்ங்கறதையும் சோலாக்ஸ் சின்னத்தையும் பொறிச்சாங்க. அதுக்கு அடுத்த வருஷம், 1910-ல் கட்டின சாம்பியன் ஸ்டுடியோ கட்டடத்தை இடிச்சாங்க. அன்னிக்கு ஃபெரி ஏறி வந்த ஊருக்கு இன்னிக்கு ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் இருக்கு; 1931-ல் திறந்தப்போ உலகத்திலேயே நீளமான தொங்கு பாலம் (சிவில் பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்). அதோட மேற்கு முனை இறங்குறதே ஃபோர்ட் லீயிலதான்.

பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். இந்தப் படங்களைக் கையால கைப்பிடி சுத்தித்தான் எடுத்தாங்க, செகண்டுக்குத் தோராயமா 16 ஃபிரேம். அதை 24-ல ஓட்டினா எல்லாரும் எறும்பு மாதிரி ஓடுவாங்க. அப்படி ஓடுற காப்பி கிடைச்சா பிளேபேக் ஸ்பீடைக் குறைச்சுப் பாருங்க, அந்த முகங்கள் எல்லாம் சட்டுனு மனுஷங்க ஆகிடும். இன்னொண்ணு, முதல்ல 'லோன்லி வில்லா'வே பாருங்க. பத்து நிமிஷச் சமாசாரம், மெஸ் க்யூவுல நிக்கிற நேரத்துல முடிஞ்சுடும். ஹெட்செட்கூட வேணாம்.